வெறுந்தட்டு

மண்டபம் தோணித்துறையில் நண்டு நிறுக்குமுன்
ஹபீபு வெறுந்தட்டுகளைத் தூக்கிப் பார்ப்பார்.
முள் நடுவில் நிற்காவிட்டால்
ஒரு பக்கம் சிப்பி வைப்பார்.

மாடியில் என் மடிக்கணினி.
மற்றக் குவார்க்குகள் துணை தேடி ஒளிந்துகொள்ளும்.
டாப் குவார்க்குக்கு அதற்கு நேரமில்லை,
பிறந்த கையோடு உடைகிறது,
தான் சுழன்ற திசையைச்
சிதறி ஓடும் மியூவானிடம் சொல்லிவிட்டு.

நான் மியூவான்களை எண்ணுகிறவள்.
முன்பக்கம் இத்தனை, பின்பக்கம் இத்தனை.
கோட்பாட்டின்படி இரண்டும் ஏறக்குறைய சமம்.
இல்லையென்றால்
பெயரில்லாத ஏதோ ஒன்று கைவைத்திருக்கிறது.

நேற்றிரவு கோடு சாய்ந்தது.
நூற்றுக்கு மூன்று.
கச்சானில் சாய்ந்த உடைமரம் மாதிரி,
காற்று தெரியாது, மரம் தெரியும்.
மூன்று மணிக்குக் கரண்ட் போனது.
இருட்டில் அதற்கொரு பெயர்கூட வைத்தேன்.
சொல்லமாட்டேன்.

விடிந்ததும் நண்டு வாங்கப் போனேன்.
முள் இடப்பக்கம் கிடந்தது.
"காத்து தட்டுல உக்காந்துருக்கும்மா"
ஹபீபு சிப்பியைத் தேடிக்கொண்டிருந்தார்.

பின்பக்கம் போகிற மெதுவான மியூவான்களைக்
கருவி கோட்டைவிடுகிறது.
அதைத் திருத்த மதியமாயிற்று.
மூன்று, ஒன்றே கால் ஆனது.
பிழை வரம்பு ஒன்றரை.

பக்கெட்டில் நண்டு
பக்கவாட்டில் நடக்கிறது.
எந்தப் பக்கம் என்று
இன்னும் குறிக்கவில்லை.