கடைசியாகக் கேட்டது

தண்டர் பே. மருத்துவமனையின் நிலவறை.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
வலது கையுறையை மட்டும் கழற்றிவிட்டுத்
தட்டுகிறேன்.

மூன்றாம் மாடி சுவிட்ச்
இரவில் செத்துத் தானாக எழுந்திருக்கிறது.
இன்றைக்கு என்ன தேதி என்றால்
மார்ச் ஒன்று, தொண்ணூற்று மூன்று என்கிறது.
எனக்கு அன்று பல்லே முளைக்கவில்லை.

விழும்போது அது கொட்டிவைத்த கோப்பைத் திறக்கிறேன்.
எண்ணும் எழுத்தும் கலந்த முகவரிகள்.
கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும்:
யார் யாரைக் கூப்பிட்டது,
அது பிறகு யாரை.
உச்சியில் ஒரு பெயர்.

"அதுதான் ஆள், எழுதிப்போட்டுப் படு"
போனில் கர்ட்டிஸ்.

இல்லை கர்ட்டிஸ்,
இது கேட்டது வெறும் அறுபத்து நான்கு பைட்.
கேட்ட நேரம், நினைவகத்தில் மிச்சமில்லை.
வெப்பநிலை பார்க்கிற குட்டி நிரல் ஒன்று
நிமிடத்துக்கு நிமிடம் கைமாற்று வாங்கி
நானூற்றுப் பன்னிரண்டு நாளாக
ஒரு சல்லியும் திருப்பவில்லை.
அதன் பெயர் இந்தக் கோப்பில் எங்குமே கிடையாது.

இப்போதும் ஓடுகிறது,
புதுக் கணக்கில்,
மிகவும் மரியாதையாக.

படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்துக்கு
நாற்பது எழுத்துதான் இடம்.

முதலில் கடிகாரத்தைத் திருத்துகிறேன்.