எழுத்துக்கு ஆறு ஃபென்னிக்

மாளிகையிலிருந்து காகிதம் வந்தது,
மூத்த மருமகளின் கையெழுத்தில்.
லெபரெக்ட் ஃபான் உஸ்டெரோ என்று தொடங்கி
இரண்டு பக்கம்.
வாசிக்குமுன் எண்ணினேன்.
கல்தச்சனுக்கு எந்த மனிதரும்
முதலில் இத்தனை எழுத்து, அவ்வளவுதான்.
அறுநூற்றுப் பன்னிரண்டு.
கல்லோ இரண்டு முழம்,
சாக்சனியிலிருந்து படகேறி வந்த மணற்கல்.
குறைத்துத் தாருங்கள் என்று சொல்லியனுப்பினேன்.
நீயே குறை என்று பதில் வந்தது.

மீனவன் மகன் ஹின்னெர்க் வோல்கேன்,
நாலாண்டு பள்ளிக்கூடம்,
உட்கார்ந்து ஒரு பிரபுவைக் குறைத்தேன்.

மூன்றாவது மகன் என்பதை எடுத்தேன்.
நிலம் மூத்தவருக்கு,
அரண்மனை உத்தியோகம் அடுத்தவருக்கு,
மிச்சமிருந்தது ஒரு குதிரை.
பத்து வயதில் ராணுவப் பள்ளி என்கிறது காகிதம்.
இரவில் அழுததற்கு அங்கே அடி வாங்கியது
அதில் இல்லை.
உறைந்த காயலில் படகு தள்ளிய ஒரு நாள்
என் தகப்பனிடம் அவரே சொன்னது அது,
ஏன் சொன்னாரோ.

குதிரைப்படை லெப்டினன்ட், பிறகு கேப்டன்.
கேப்டனை வைத்துக்கொண்டேன்.
பொஹீமியாவில் குண்டு படவில்லை;
செத்து விழுந்த குதிரை
இடது முழங்கால்மேல் சாய்ந்துவிட்டது.
‘வீரத் தழும்பு’ என்று எழுதியிருந்தார்கள்.
எடுத்தேன்.
குதிரையின் பெயரை யாரும் எழுதவில்லை.

மாவட்ட ஆட்சியராகப் பதினேழு ஆண்டு.
பன்றிச்சந்தை ஏலம், பள்ளிக்கூரை, சாராய உரிமம்,
முத்திரை, முத்திரை, முத்திரை.
ஆயுளில் பாதி கரைந்தது இதில்;
கல்லில் இதற்கு ஒரே சொல்.

பிறகு இது:
‘அணை காத்தவர்.’

நவம்பர். மூன்று நாளாய் வடகிழக்குக் காற்று.
கடல் காயலுக்குள் ஏறியது.
நகரத்து அணை நடுங்குகிறதா என்று
ஊன்றுகோலை நட்டுக் காது வைத்துக் கேட்டாராம்.
எழுந்து, எங்கள் பக்கத்துக் கரையை
வெட்டச் சொன்னார்.
எழுபது மண்வெட்டி.
நகரம் பிழைத்தது.
எங்கள் தெருவில் இருபத்திரண்டு வீடு,
விலாங்கு புகைபோடும் கொட்டகை,
என் தங்கை கேஷே.
முன்னரே ஆள் அனுப்பினேன் என்றார் விசாரணையில்.
அனுப்பினார், பொய்யில்லை.
அவனைவிடத் தண்ணீருக்கு வழி நன்றாகத் தெரிந்திருந்தது.
பெர்லினிலிருந்து பதக்கம் வந்தது.

அடுத்த வசந்தத்தில்
வண்டியை மாதாகோவில் மூலையிலேயே நிறுத்திவிட்டு
நொண்டிக்கொண்டு இந்தப் பட்டறைக்குள் வந்தார்.
பதினொரு பெயர்.
கொடுத்தவர் யாரென்று வேண்டாம் என்றார்.
அன்றைக்கு எழுத்துக்கு நாலு ஃபென்னிக்;
கேஷேவுக்கு எங்கள் மொழியில் ஆறெழுத்து.
இருபத்து நாலையும் எண்ணி வாங்கிக்கொண்டேன்.
வாங்கியிருக்கக் கூடாது.
அந்தக் காசில் ரொட்டி வாங்கினேன், தின்றேன்.
கரிக்கோட்டில் நான் வரைந்திருந்த பெயர்களை
ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார்.
கேஷேயில் ஓரெழுத்தைத் திருத்தினார்.
அவர் திருத்தியதுதான் சரி.

லெபரெக்ட் என்றால் ‘நேராக வாழ்’ என்று பொருள்.
ஞானஸ்நானத் தொட்டியில் வைத்த பெயர்,
குழந்தை என்ன செய்யும்.

எல்லாம் போக எண்பத்தொன்பது எழுத்து மிஞ்சியது.
‘அணை காத்தவர்’ அதில் இருக்கிறது.
மருமகள் அடிக்கோடிட்டிருந்தார்;
முழு ஆழத்துக்கே கொத்தினேன்.
கூலி வாங்கிய கை உளியில் ஏமாற்றாது.

ஆனால் கல் எந்தத் திசை பார்க்கவேண்டுமென்று
இரண்டு பக்கத்தில் எங்குமே எழுதவில்லை.
வடகிழக்கு பார்த்து நட்டேன்.
உப்புக்காற்று மணற்கல்லை என்ன செய்யுமென்று
எனக்குத் தெரியும்: முதலில் ஓரங்கள் மழுங்கும்,
பிறகு சுழிகள்.

நட்டு முடித்து மண்வெட்டியைத் துடைக்கையில்தான் பார்த்தேன்,
வேலிக்கு அந்தப் பக்கம்
பதினொரு பெயர்க் கல்லும்
அதே திசையைத்தான் பார்த்து நிற்கிறது.
அதையும் நான்தான் நட்டேன்.
கேஷேயில் அவர் திருத்திய எழுத்து
இப்போதே பாதி தெரியவில்லை.