வெள்ளைப் பின்னணி

சிம்மக்கல் ஸ்டூடியோவில் கரண்ட் வந்ததும்
முதலில் திறந்தது மொக்கராசுவின் முகம்.
குவைத்திலிருந்து மூன்றாம் தடவை.

முதல் படத்தில் காதோரம் நிழல் என்று
திருப்பிவிட்டார்கள்.
இரண்டாவதில் பல் தெரிந்ததாம்.
எடுக்கும்போது யாரோ ஏதோ சொல்லியிருக்கிறான்.
இதில் வாயை இறுக்கியிருக்கிறார்,
வட்டிக்காரன் எதிரே நிற்பதுபோல.

முப்பத்தைந்துக்கு நாற்பத்தைந்து மில்லிமீட்டர்.
இரண்டு காதும் தெரிய வேண்டும்.
நெற்றித் திருநீறைத் தானே துடைத்திருக்கிறார்,
மிச்சமிருந்த ஒரு கீற்றை நான் எடுத்தேன்.

பின்னால் கட்டில் விரிப்பு, வெள்ளை மாதிரி.
இரண்டு பக்கமும் அதைத் தூக்கிப் பிடித்த விரல்கள்.
இடப்பக்கம் நாலு, சிமெண்ட் வெடிப்போடு.
வலப்பக்கம் மூன்று,
ஒன்றில் பச்சைக்கல் மோதிரம்.

உசிலம்பட்டி பஸ்ஸில் வந்த அவர் மனைவி
என் தோளுக்குப் பின்னால் நின்று கேட்டார்:
“மெலிஞ்சிட்டாகளோ?”
போனைக் கிட்ட வச்சு எடுத்தா
அப்படித்தாங்க்கா தெரியும் என்றேன்.
பொய்யில்லை. எல்லா முகத்துக்கும் அப்படித்தான்.
இந்த முகத்துக்கு எப்படியோ.

பெரிதாக்கச் சொன்னார்.
“பச்சைக்கல்லு பீகார்க்காரரு,
ரூமுல சமையல் அவருதான்.
இந்தப் பக்கம் ஆருன்னு சொல்லலையே.”

வெட்டினேன். வெளுத்தேன். அனுப்பினேன்.
எண்பது ரூபாயைச் சில்லறையாக எண்ணி வைத்து
நாலரை வண்டிக்கு ஓடினார்.

ஒருமுறை கன்ட்ரோல் இசட்.
நாலு விரல், மூன்று விரல்.
விரிப்பு நடுவில் லேசாகத் தொய்ந்திருக்கிறது,
கை வலித்திருக்கும்.
சேமிக்கவா என்று கேட்டது.
வேண்டாம் என்று அழுத்தினேன்.
அடுத்தவர் உள்ளே வந்து
கண்ணாடியைக் கழற்றணுமா என்றார்.