உகரம்

ஆட்சி மாறினால் அரசு வக்கீல் மாறவேண்டும்.
நடைமுறை அதுதான்.
தக்கலையில் மாறினார்கள். நாகர்கோவிலில்
நாற்காலிச் சூடு ஆறுமுன்பே மாறினார்கள்.
குழித்துறையில் மட்டும்
ஞானாபரணம் சார் இருந்தார்
இருபத்தாறு வருஷம்,
பிடரிப்பக்கம் பச்சையாய் நிறம் வெளுத்த
அதே கறுப்புக் கோட்டுடன்.

நேர்மைதான் காரணம் என்று
வழியனுப்பு விருந்தில் பேசினார்கள்.
அதெல்லாம் இல்லை.
ஐம்பத்தாறுக்கு முந்தைய ஆதாரம் முழுக்க மலையாளம்.
சேலத்திலிருந்து வந்த ஒரு முன்சீப்
தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்ததை
நானே பார்த்திருக்கிறேன்.
சார் எழுந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
தாளை மூக்கோடு ஒட்டிவைத்து வாசிப்பார்:
ஒற்றி, பாட்டம், பண்டாரவகை,
கிழக்கே ஆறு, தெற்கே பனையடி.
அவர் வாசித்ததுதான் ஆதாரம்.

தன் கட்சிக்காரனின் முகத்தை
அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.
ஃபைல் வரும். சில நேரம் தாசில்தார் வருவார்.
கட்டணம் மூன்று வருஷம் கழித்து வரும்,
பாதி வெட்டி.

நான் எதிர்ப்பக்கம். பத்தொன்பது வருஷம்.
தோற்றதே அதிகம்.
தீர்ப்பு சொன்ன அன்றைக்கெல்லாம்
"வா கொச்சு வக்கீலே, ஒரு சாய குடிக்கலாம்" என்பார்.
அந்தச் சாயை வெறுத்தேன்.
ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை.

ஒருமுறை, சர்க்காரைக் கவிழ்க்கும் ஒரு வரியை
விடாமல் வாசித்துவிட்டார்.
பின்னாலிருந்து தாசில்தார் கோட்டை இழுத்தார்.
"எழுதியிருக்கே" என்றார் சார்.
வழக்கு போயிற்று. கலெக்டர் விளக்கம் கேட்டார்.
அடுத்த மாதம் இன்னொரு ஆதாரம் வந்தது,
வாசிக்க வேறு ஆளில்லை.

பிறகு கொச்சப்பியின் வழக்கு.
அறுபத்து மூன்று சென்ட். வாழை நின்ற சமதரை.
கொல்லம் ஆயிரத்துத் தொண்ணூற்றெட்டு, கன்னி மாசம்
எழுதிய ஆதாரம்.
இடத்தின் பெயரில் முதல் எழுத்தின் காலடியில்
கரையான் தின்ற ஓட்டை.
அங்கே உகரம் இருந்திருந்தால் குளம்: சர்க்காருக்கு.
இல்லையென்றால் களம்: கொச்சப்பிக்கு.

சார் தாளை ஜன்னலுக்கு நேரே பிடித்தார்.
ஓட்டை வழியாக ஒரு பொட்டு வெயில்
அவர் கன்னத்தில் விழுந்தது.
வாழைக்குலை லாரி ஒன்று
ஹாரன் அடித்தபடியே பாலம் ஏறி முடிக்கும்வரை
பேசாமல் நின்றார்.
"குளம்" என்றார்.

நான் ஆட்சேபிக்கவில்லை.
எனக்குத்தான் வாசிக்கத் தெரியாதே.

குளம் என்று ஜெயித்த நிலத்தில்
சர்க்கார் தார் போட்டு பஸ் ஸ்டாண்ட் கட்டியது.
திறப்பு விழாவுக்கு சார் போகவில்லை.
கொச்சப்பி போனார்,
வரிசையில் நின்று லட்டு வாங்கினார்.

ஓய்வுபெற்று நாலாம் வருஷம்
ஒரு ராத்திரி சார் என் வீட்டுக்கு வந்தார்,
கையில் ஆதாரத்தின் நகலும் ஒரு பூதக்கண்ணாடியும்.
"ஓட்டையை வாசிச்சேன் கொச்சு வக்கீலே.
அந்த ஒருநாள்
எழுதாததை வாசிச்சேன்."
அப்பீல் காலம் முடிந்து பதினோரு வருஷம்.
நான் கட்டன்சாய போட்டேன்.
வேறென்ன செய்ய?

இது இடவப்பாதி.
நேற்று ராத்திரி முழுக்க மழை.
காலையில் களியக்காவிளை பஸ்
டயர் முங்க நிற்கிறது.
தார் வெடித்த இடத்தில் ஊற்று குமிழ்விடுகிறது.
எங்கிருந்து வந்ததோ, வரால் துள்ளுகிறது.

நேரக்காப்பாளர் அறையின் மேல்படியில்
வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சார்,
செருப்பு இரண்டும் கையில்.
கீழே முழங்கால் தண்ணீரில் கொச்சப்பி,
தோர்த்து விரித்து மீன் கோருகிறார்.
ஒன்று அகப்படுகிறது.
வாலைப் பிடித்து உயரத் தூக்கிக் காட்டுகிறார்.

"இது யாருக்கு, சாரே?"

சார்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுகிறார்.