தொல்புரம் தொ

இங்கிலீசுக்கு அல்பா, பிறாவோ, சாளி இருக்கு.
தமிழுக்கு ஒண்டும் இல்லை.
எண்டபடியால் நாங்களே ஊருகளைப் பிடிச்சுக் கோத்தம்:
அராலி அ, ஆனைக்கோட்டை ஆ,
இணுவில் இ, ஈச்சமோட்டை ஈ.
உடுவிலா உரும்பிராயா எண்டு ரெண்டு நாள் சண்டை.
உடுவில் வெண்டது,
உரும்பிராய் ஆள் அண்டைக்கு லீவு.
ஏழாலை ஏ. ஓட்டுமடம் ஓ.
ஒட்டகப்புலம் ஒ,
கனகாலம் சனத்தை உள்ள விடாத ஒ.
ஔவுக்கு ஊர் கிடைக்கேல்லை.
ஔவில தொடங்கிற வருத்தமும் ஒருத்தருக்கும் வரேல்லை.
உயிர்மெய்க்கு அகப்பட்ட ஊர்:
கொக்குவில் கொ, மானிப்பாய் மா.
சாவகச்சேரி சா இருக்கு,
அதை மட்டும் மெதுவாய்ச் சொல்லுவம்.

கொழும்பில இருந்து பழக்க வந்தவர்
கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுச் சொன்னார்:
'ஓவர்' எண்டால் நான் முடிச்சிட்டன், நீ கதை.
'அவுட்' எண்டால் இனிக் கதையே இல்லை.
ரெண்டையும் சேர்த்துச் சொல்லுறது படத்திலதான்.
'கொப்பி' எண்டால் எழுதுற கொப்பி இல்லை,
கேட்டிட்டன் எண்டது.
விளங்காட்டில் 'சே எகெய்ன்' எண்டு கேளுங்கோ.
'றிப்பீற்' மட்டும் வாயில வரப்படாது.

ஏன் சேர்?

அது பீரங்கிக்காரரின்ர சொல்.
அடிச்ச இடத்துக்கே
இன்னொருக்கா அடி எண்டு அர்த்தம்.

பதினொரு பேர் இருந்தம்.
மின்விசிறி சுத்தினது.
பற்றிமாகரன் பேனை மூடியைக் கழட்டினான், பூட்டினான்,
திரும்பக் கழட்டினான்.
அந்தச் சொல் எங்களுக்குத் தெரியாது.
அது வந்து விழுந்த வளவுகள் தெரியும்.
அவர் அடுத்த பக்கத்தைப் பிரட்டினார்.

மற்றபடி எங்கட பாசை சிரிப்புத்தான்.
'சம்பல்' எண்டால் கிடங்கு விழுந்த றோட்டு.
'தேத்தண்ணி' டீசல்.
'கொடியேத்தம்' எண்டால் சனம் வழிவிடாது, சுத்திப் போ.
'பழம்' எண்டால்
ஆளை உயிரோட ஒப்படைச்சாச்சு.
'காய்' எண்டு ஒருத்தரும் சொல்லுறேல்லை.
அதுக்கு வெறும் 'றோஜர்',
கொஞ்சம் பிந்தி.

கார்த்திகை. இரவு ரெண்டு முப்பத்தெட்டு.
மைக் ரெண்டு குறிகட்டுவான் இறங்குதுறையில
பின்கதவைத் திறந்தபடி மழைக்குள்ள நிக்குது.
நெடுந்தீவுப் படகு பாதிக் கடலில.
படகில நேர்ஸ் எமில்டா,
ஐம்பத்தாறு வயது ஆம்பிளை ஒராள், நெஞ்சுநோ.

'கொன்ற்றோல், மூச்சு...'
வாடை ஒரு கடி கடிச்சுது
'...ல்லை. ஓவர்.'

தொல்லையா? இல்லையா?

ஒரு எழுத்து.
அந்தப் பக்கம் எண்டால் ஒட்சிசன், ஊசி, வாசலில டொக்டர்.
இந்தப் பக்கம் எண்டால் வெள்ளைத் துணி.
விரல் பொத்தானில இருக்கு.
நாக்கு நுனிக்கு முதல் வந்தது அந்தச் சொல்தான்.
விழுங்கினன். பிறகு கேட்டன்:
'திரும்பச் சொல்லுங்கோ எமில்டா,
நடுவில விழுந்த எழுத்து என்ன? ஓவர்.'

மீன் பொரியிற மாதிரி இரைச்சல்.
நான் ஒரு ஊருக்காகக் காத்துக்கொண்டிருந்தன்.
இணுவில் வரவேண்டாம் எண்டு வேண்டினன்.
அம்மா பிறந்த ஊர் அது,
கேட்டால் ஏசுவா.
பொத்தானை அமத்தாமல்தான் வேண்டினன்,
அலைவரிசையை ஏன் மறிக்க.

'...புரம்...'

'தொல்புரம் தொ.
கொன்ற்றோல், தொல்புரம் தொ! கேக்குதா?'

கேக்குது.
றோஜர் எண்ட சொல் எனக்கு மறந்துபோச்சு.
பற்றிமாகரன் குறுக்கால பாய்ஞ்சு
என்ர மைக்கைப் பறிச்சு
மைக் ரெண்டோட கதைச்சான்.
நான் கதிரையில இருந்தபடியே
அந்த ஊரின்ர பெயரை எழுதினன்,
கோணலாய்.
போனதில்லை அங்க, ஒருக்காலும்.

மூண்டு ஐம்பத்தொண்டுக்குப் பழம்.

காலமை ஆறு மணிக்கு வந்த சிவதர்சினி
குடையைச் சுருக்காமலே பதிவைப் பார்த்தாள்.
'இதென்ன, ரெண்டு முப்பத்தொன்பதுக்கு?
தொல்புரத்தில ஆருக்கு என்ன?'

'ஒண்டுமில்லை' எண்டன்,
மழைக்கோட்டின்ர மற்றக் கையைத் தேடிக்கொண்டு.