ஒரிஜினல்

ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஜன்னலில் கேட்டார்கள்:
இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு?
மகள்.
வண்டி ஓடுமா?
ஓடும்.
அப்பாதான் நின்றுபோனார்,
மாசி மாதம், ஸ்டான்லி ஆஸ்பத்திரியில்,
விடிய இன்னும் நேரம் இருந்தது.

அறுபத்து நாலில் எண்ணூரில் பிறந்த லேலண்டு,
எங்கள் காலடிப்பேட்டைக்குக் கூப்பிடு தூரம்.
மூன்று முதலாளிகளைப் பார்த்துவிட்டு
நாலாவதாக அப்பாவிடம் வந்தது.
இருபத்திரண்டு வருடம்
சாத்தாங்காட்டில் கம்பி ஏற்றி
நெல்லூரில் இறக்கினார்.
அப்புறம் ஒன்பது வருடம்
மணலி கன்டெய்னர் யார்டில் வாட்ச்மேன்.
அந்தச் சம்பளம் முழுக்க
அதன் வாய்க்குள்தான் போனது.
‘எனக்கு முட்டி மாத்தணும்,
அவருக்கு கிரில் மாத்தணும்’ என்பாள் அம்மா.
கிரில்தான் முதலில் வந்தது.

உப்புக்காற்றில் பொரிந்த தகரத்தை
அவரும் அன்சர் பாயும் உட்கார்ந்து சுரண்டினார்கள்.
சிவப்புக்குக் கீழே மஞ்சள்,
மஞ்சளுக்குக் கீழே நீலம்,
நீலத்துக்குக் கீழே
மாத்திரை அளவுக்கு ஒரு பச்சை.
‘இதாம்மே ஒரிஜினல்’ என்று
தெருவுக்கே கேட்கக் கத்தினார்.
அந்தப் பச்சையைக் கலக்க
ஏழு பெயிண்ட் கடை ஏறி இறங்கினார்.

சிவப்போடு போனது
நெற்றியில் இருந்த டில்லிபாபு – கோமளா.
கதவின் உள்பக்கம்
ஆணியால் நான் கீறிய ஏழாம் வாய்ப்பாடு,
ஏழெட்டு ஐம்பத்து நாலு என்று தப்பாக.
அதையும் பட்டி வைத்து நிரவிவிட்டார்.
‘எங்க பேரு எங்கப்பா?’
‘உங்களுக்குத்தான் பேரு கீதே.’

அண்ணன் தோஹாவிலிருந்து வீடியோவில் பார்த்தான்.
‘செம்மையா கீதுடி, வித்துடு.’
அடையாறிலிருந்து ஒருவர் வந்தார்,
பழைய வண்டிகள் சேர்க்கிறவர்.
செருப்பைக் கழற்றிவிட்டுக் கேபினில் ஏறினார்.
பிறந்த அன்று எப்படியோ அப்படியே இருக்கிறது என்றார்.

அதுதான் எனக்கு இடிக்கிறது.
பிறந்த அன்று அதில் நாங்கள் இல்லை.
அப்பாவும் இல்லை;
ஏழு வயதுப் பையன்,
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில்
லாரி எண்ணிக்கொண்டு நின்றிருப்பார்.
தன்னையே சுரண்டி எடுத்துவிட்டு
எதை எனக்கு விட்டுப்போனார்?

மஞ்சள் எனக்கு நினைவிருக்கிறது.
எனக்கு எட்டு வயது.
நாலு நாள் அப்பா வீட்டுக்கு வரவில்லை.
கும்மிடிப்பூண்டி பக்கம்
ஒரு சைக்கிள் என்று
சமையல்கட்டில் தாழ்ந்த குரலில் பேசினார்கள்.
ஐந்தாம் நாள் வந்தார்.
வண்டி சிவப்பாக இருந்தது.
புது பெயிண்ட் நாற்றம், கிட்ட வராதே என்றார்.
அவ்வளவுதான். அதன்பிறகு
யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.
சிவப்பில் எங்கள் பெயரை எழுதியது
அந்த வாரம்தான்
என்று இப்போதுதான் கணக்கு வருகிறது.

நேற்று ஏறி உட்கார்ந்தேன்.
பள்ளிக்கூட பஸ் ஓட்டும் கால் எனக்கு,
நாற்பது பிள்ளைகளைச் சுமந்து பழகியது.
புது சீட், புது மீட்டர், புது ரப்பர்.
கிளட்ச் பெடலை மட்டும் அவர் மாற்றவில்லை.
இடது ஓரம் தேய்ந்து பள்ளமாகி
என் பாதம் அதற்குள் வழுக்கிக்கொண்டு
போய் உட்கார்ந்தது.

அன்சர் பாய் வெளியே நின்று
பீடியைப் பற்றவைக்காமல் உருட்டிக்கொண்டிருந்தார்.
அந்த நாட்களில் அவர்தான் கிளீனர்.
எஃப்.சி. முடிய இன்னும் பதினோரு நாள்.
‘பாய், ஞாயித்துக்கிழமை
கும்மிடிப்பூண்டி வரைக்கும் ஒரு நடை போலாமா?’

டோல்கேட் பக்கம் கன்டெய்னர்கள் வரிசை கட்டி
ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.
எல்லாம் ஓய்ந்தபிறகு சொன்னார்:
‘அந்த வூடு இப்ப இருக்குதானு தெரியாது.
டீசல் போட்டு வெச்சுக்க.’