கலங்கல்

செகாம்புட் ஸ்டோரில் பதினாறு டிகிரி.
வெளியே முப்பத்து நான்கு.
குளிர்சட்டைக்குள் உடம்பைத் திணித்துக்கொண்டு
ஒவ்வொரு போத்தலின் முதுகிலும்
மலாய் எச்சரிக்கை ஒட்டுகிறேன்.
குடி உடல்நலத்துக்குக் கேடு.
அதில் யாருக்கும் சண்டையில்லை.

சண்டை முன்பக்கத்தில்.
இயற்கை ஒயின் என்று போடலாமா, கூடாதா.

அதற்கென்றே ஒரு மாலை
பெட்டாலிங் ஸ்திரீட் மாடியில் ஆள் சேர்த்தாள்
முதலாளி சியூ லான்.
கொடிக்கு மருந்தடிக்காவிட்டால் போதும் என்றார் ஒருவர்.
போதாது, கந்தகம் சுழியம் என்றான் பாஸ்கல்.
சுழியமா, முப்பது மில்லிகிராமா
என்று மேசை இரண்டாகப் பிளந்தது.
தோலில் தானாய் வந்து உட்கார்ந்த நொதிதான்
புளிக்க வைக்க வேண்டும் என்றாள் மெய் யீ.
வடிகட்டினால் செத்தது என்று
கிளாஸை விளக்குக்கு நேரே தூக்கிக்
கலங்கலைக் காட்டினார் தாடிக்காரர்.
மேகம் மாதிரி இல்லையா?
எனக்கு அரிசி களைந்த தண்ணீர்.

பழத்தைக் கையால்தான் பறிக்க வேண்டுமாம்.
யாருடைய கை, என்ன கூலி
என்று விதியில் இல்லை.
தட்டுகளை எடுக்கும் சாக்கில்
இரண்டு முறை எட்டிப் பார்த்தேன்.

பிரிக்ஃபீல்ட்ஸ் கடைக்கு
விலைப்பட்டியல் தமிழிலும் வேண்டும்.
அது என் தலையில்.
செந்தூல் வாத்தியார் எழிலனுக்குப் போன் போட்டேன்.
ஒயினா? கலப்படம்.
தேறல் என்று எழுதும்மா, நம் சொல்.
தேறல் என்றால் தெளிந்தது ஐயா,
இது அடியில் வண்டலோடு வருகிறது.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
ஜாம்ல மாட்டிக்கிட்டேன், அப்புறம் கூப்பிடறேன்
என்று வைத்துவிட்டார்.

வியாழன் ராத்திரி கரண்ட் போனது.
ஜெனரேட்டர் இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது.
ஐந்து மணி நேரம்.
காலையில் கதவைத் திறந்தால்
பழைய சோறும் ஆப்பிள் தோலும் கலந்த வாசனை,
தரையெல்லாம் ஆரஞ்சு நிறம்.
சுழியக்காரர்களின் தக்கைகள்
பெட்டி பெட்டியாய்க் கழன்றிருந்தன.
கந்தகம் போட்டவை
ஒன்றுமே நடக்காததுபோல் நின்றன.
பாஸ்கல் முட்டிபோட்டு முகர்ந்தான்.
உயிர் இருக்கிறது, பாருங்கள் என்றான்.
சியூ லான் அவனைப் பார்க்காமல்
கால்குலேட்டரைத் தட்டினாள்.

காப்புறுதிப் படிவம் ஆறு பக்கம்.
சேதத்தின் காரணம்?
பொருள் தன் இயல்பால் கெட்டது என்றேன்.
மறுமுனைப் பெண் பணிவாகச் சொன்னாள்:
அப்படியானால் பணம் வராது, மேடம்.
புயல் இயற்கை. வெள்ளம் இயற்கை.
இது விதிவிலக்கு, பக்கம் நான்கு.

மாடியில் மூன்று மணி நேரம் தேடியது
இவள் கையில் அச்சாகி இருந்திருக்கிறது.

ஐஸ் மூட்டையோடு யோகேஸ் வந்தான்.
மோட்டார்பைக் கூடையில் மினரல் வாட்டர் போத்தல்,
உள்ளே வெள்ளையாய்,
மூடி அரைத் திருகில்.
கள்ளா?
வெடிச்சிடும்க்கா, அதான் இறுக்கல.
என்னடா கலந்திருக்கு?
யோசித்தான்.
காலையில ஆறு மணிக்கு இறக்கினது.
இப்ப பத்தரை.
நாலரை மணி நேரம் கலந்திருக்கு.
சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.
அப்புறம், கொஞ்சம் சீனியும் இருக்கலாம்,
அந்த ஆளை நம்ப முடியாது என்றான்.

ஒரு வாய் குடித்தேன்.
சீனி இருந்தது.
நன்றாகவும் இருந்தது.

விலைப்பட்டியலில் அந்த ஒரு சொல்லுக்கு
இன்னும் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.
எழிலன் திரும்பக் கூப்பிடவில்லை.
சியூ லான் தினமும் கேட்கிறாள்.
பதினாறு டிகிரி திரும்பிவிட்டது.
ஆனாலும் பின்வரிசையில்
ஏதோ ஒரு போத்தல்
உள்ளிருந்து தக்கையைத் தள்ளிக்கொண்டிருக்கிறது.
எதுவென்று தெரியவில்லை.
எச்சரிக்கையை ஒட்டும்போது
ஒவ்வொன்றையும் கொஞ்சம் எட்டவே பிடிக்கிறேன்.